தட்டுவதற்கு முன்னால்

"காதுல பஞ்சு வச்சுக்கிட்டுத்தான் வேலை பாக்கணும்னா, நான் எதுக்கு டீச்சர் இங்க வந்தேன்?"

கேட்டுவிட்டு உச்சிமாகாளி அந்தப் பஞ்சுருண்டையை மேஜை மேலேயே வைத்தான்.

சபூரா டீச்சர் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பஞ்சை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினார். அவ்வளவுதான்.

மாகாளிக்கு அது திட்டு வாங்கியதைவிட மோசமாக இருந்தது.

அவன் காதுக்குத் தென்மாவட்டத்தில் ஒரு பேர் உண்டு. இருபது வருஷம் மைக் செட் போட்டவன். கோயில் கொடைவிழாக் கூட்டத்தின் கடைசி வரிசையில் டீ குடித்துக்கொண்டே, மேடைக்கு இடப்பக்கம் நிற்கிற ஸ்பீக்கரில் காகிதம் கிழிந்திருக்கிறது என்பான். போய்ப் பார்த்தால் கிழிந்திருக்கும்.

ஊருக்கு ஊர் சொந்தமாகச் செட் வாங்கிவிட்ட பிறகு அவனைக் கூப்பிடுவது குறைந்துபோனது. பாளையங்கோட்டையில், ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறையில், செத்துப்போன ஹார்ட் டிஸ்கிலிருந்து உள்ளே இருப்பதை மீட்டுக் கொடுக்கிற ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, தொழில் பழக வந்து சேர்ந்தான்.

சபூரா டீச்சர் அவனைவிடப் பத்து வயது இளையவர். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். மாகாளி அவரை டீச்சர் என்றான். அவர் அவனை அண்ணாச்சி என்றார்.

ஹார்ட் டிஸ்கும் சத்தம் போடும் என்று தெரிந்தபோது மாகாளிக்குச் சொந்த ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. சீக்கிரமே பழகிவிட்டான். கீச்சென்று இழுத்தால் இன்ன கோளாறு, முனகினால் இன்ன கோளாறு. கம்ப்யூட்டரில் மாட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவான். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

அப்படிப்பட்டவனிடம்தான் அன்று காலையில் டீச்சர் பஞ்சை நீட்டியிருந்தார். ஒரு வாரம் காதை அடைத்துக்கொண்டு வேலை பாருங்கள் என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

அந்தக் கோபம் தணிவதற்குள் படியேறி ஒரு பெண் வந்தாள்.

துணிப்பையை மார்போடு அணைத்தபடி வந்தாள். உள்ளிருந்து மேஜையில் வைத்துப் பயன்படுத்துகிற பெரிய ஹார்ட் டிஸ்கையும் அதன் அடாப்டரையும் எடுத்து வைத்தாள். மாகாளி என்ன பிரச்சினை என்று கேட்டான். அவள் தன் காதைத் தொட்டுக் காட்டிக் கையை ஆட்டினாள். பிறகு செல்போனில் தட்டச்சு செய்து நீட்டினாள்.

பெயர் பொன்மலர். காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியை. அவளுக்கும் பிறந்ததிலிருந்தே கேட்காது. இந்த ஹார்ட் டிஸ்க் சில நேரம் கம்ப்யூட்டரில் தெரிகிறது, சில நேரம் காணாமல் போய்விடுகிறது. டக் டக் என்று சத்தம் வருவதாகப் பக்கத்து அறை ஆசிரியை சொன்னாராம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று மாகாளி எழுதிக் கேட்டான்.

அதற்குப் பதில் நீளமாக வந்தது.

கடற்கரை ஊர்களிலும் உள்ளே காட்டோரக் கிராமங்களிலும் பள்ளிக்கூடமே போகாத, காது கேளாத முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட கைமொழி ஒன்று ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் அது கிடையாது. பொன்மலர் மூன்று வருஷமாக விடுமுறைகளில் அலைந்து அவர்களைப் படம் பிடித்திருக்கிறாள். உவரியில் ஒரு பாட்டி மட்டும் அத்தனை மீனுக்கும் தனித்தனிச் சைகை வைத்திருந்தார். அந்தப் பாட்டி இப்போது இல்லை. இன்னும் சிலரும் இல்லை.

வேறு பிரதி இருக்கிறதா என்று கேட்டான்.

பள்ளிக் கம்ப்யூட்டரில் இருந்தது. அதைப் புதுப்பித்தபோது அழிந்துவிட்டது.

மாகாளி அடாப்டரை மீட்டரில் வைத்துப் பார்த்தான். பன்னிரண்டு வோல்ட், சரியாக இருந்தது. ஹார்ட் டிஸ்கை மாட்டி, குனிந்து காதை அதன் பக்கத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

டக்.

கொஞ்ச நேரம்.

டக்.

கம்ப்யூட்டர் திரையில் ஹார்ட் டிஸ்கின் பேர் வந்தது. போனது.

டக்.

மாகாளி நிமிர்ந்தான். சந்தேகமே இல்லை. உள்ளே சுற்றும் தகட்டின் மேல் மிதந்தபடி அதில் இருப்பதைப் படிக்கிற நுண்ணிய உறுப்பு ஒன்று உண்டு. தொழிலில் அதை ஹெட் என்பார்கள். அது போய்விட்டது. படிக்க முடியாமல் திரும்பித் திரும்பி ஓரத்தில் முட்டிக்கொள்கிறது. இதைத் திறந்தே ஆகவேண்டும். சென்னைக்கு அனுப்பி, தூசியே இல்லாத அறையில் வைத்துப் பிரிக்கவேண்டும். பிரித்தாலும் பாதிதான் நம்பிக்கை.

அதையெல்லாம் அவன் செல்போனில் எழுதிக் காட்டினான். பொன்மலர் ஒரு தடவை படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள்.

டக், என்றது ஹார்ட் டிஸ்க்.

டீச்சர் எழுந்து வந்து இணைப்பைப் பிடுங்கினார்.

"தட்ட விட்டுட்டு எழுதிட்டு இருக்கீங்களே அண்ணாச்சி."

மாகாளிக்கு முகம் சுருங்கியது. ஹெட் போய்விட்டது, சத்தத்திலேயே தெரிந்துவிட்டது என்றான்.

"தட்டுறதுக்கு முன்னால என்ன கேட்டுச்சு?"

"முன்னால ஒண்ணுமில்லையே டீச்சர்."

"அந்த ஒண்ணுமில்லையத்தான் கேக்கேன்."

மாகாளி விழித்தான். டீச்சர் பொன்மலர் பக்கம் திரும்பி, அவள் செல்போனை வாங்கி ஒரே ஒரு வரி எழுதினார்.

இதைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?

பொன்மலர் அதைப் பார்த்துவிட்டு டீச்சரைப் பார்த்தாள். இதுவரை அவளிடம் யாரும் கேட்காத கேள்வி போலிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது, வேறு பிரதி இருக்கிறதா என்றெல்லாம் மாகாளி கேட்டிருந்தான். இதைக் கேட்கவில்லை.

அவள் எழுதினாள். ஓடுகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவேண்டுமே, அதனால் எப்போதும் இடது உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டுதான் வேலை செய்வேன்.

எழுதிக்கொண்டிருந்தவள் பாதியில் போனைக் கீழே வைத்தாள். எழுத்தில் சொல்ல வரவில்லை போலிருக்கிறது. வலது கையை உயர்த்தினாள்.

விரல்கள் வட்டமாகச் சுழன்றன. வேகமாக, சீராக. பிறகு அந்தச் சுழற்சி தளர்ந்தது, களைத்த ஆள் நடையைக் குறைப்பது போல. அப்புறம்தான் இன்னொரு கையின் விரல் மேஜையை ஒரு தடவை தட்டியது. சுழற்சி நின்றே போய், மறுபடி முக்கி முனகி முதலிலிருந்து கிளம்பியது.

இன்னொரு தடவை செய்து காட்டினாள். சுழற்சி. தளர்ச்சி. தட்டு.

மாகாளி தன் விரலாலும் அதையே சுழற்றிப் பார்த்தான்.

ஹெட் போயிருந்தால் தகடு சுற்றிக்கொண்டே இருக்கும், ஹெட் தட்டிக்கொண்டே இருக்கும். இங்கே அப்படியில்லை. தகடு முதலில் தளர்கிறது. தளர்வதால் ஹெட் பயந்து ஓரத்துக்கு ஓடுகிறது. அதுதான் டக்.

ஆனாலும் அவனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அடாப்டரை மீட்டரில் வைத்துப் பார்த்தேனே, பன்னிரண்டு வோல்ட் காட்டியதே என்றான்.

"எப்ப பாத்தீங்க?"

"மாட்டுறதுக்கு முன்னால."

டீச்சர் அடாப்டரைத் தூக்கி அவன் உள்ளங்கையில் வைத்தார். அது இன்னும் சுட்டது.

"உங்க ஜெனரேட்டர் சும்மா ஓடும்போது எத்தனை வோல்ட் காட்டும் அண்ணாச்சி?"

மாகாளிக்கு ஒரு கொடைவிழா கண்முன் வந்தது. பாட்டு நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும். சாமி புறப்படும் நேரம் யாரோ கோபுரத்துச் சீரியல் லைட்டு அத்தனையும் ஒன்றாகப் போடுவான். ஜெனரேட்டர் மூச்சு வாங்கும். டும் என்று ஒரு சத்தத்தோடு ஆம்ப்ளிஃபையர் செத்து மறுபடி உயிர் பிடிக்கும். பையன்கள் ஸ்பீக்கரைப் பார்க்க ஓடுவார்கள். மாகாளி மட்டும் ஜெனரேட்டரைப் பார்க்கப் போவான். எத்தனை கோயிலில் போயிருக்கிறான்.

சும்மா இருக்கும்போது பன்னிரண்டு காட்டி, சுமை ஏறியதும் தளர்ந்துபோகிற அந்த அடாப்டரை மெதுவாக மேஜையில் வைத்தான்.

டீச்சர் அதற்குள் பொன்மலருக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை வேறு நல்ல மின்சாரம் கொடுத்துப் பார்க்கவேண்டும். நீங்கள் கையால் சொன்னதை வைத்து எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அது தவறாக இருந்து ஹெட்தான் போயிருந்தால், இந்த ஒரு தடவையால் இன்னும் கெடலாம். வேண்டாம் என்றால் இப்படியே சென்னைக்கு அனுப்பலாம். நீங்கள்தான் சொல்லவேண்டும்.

பொன்மலர் எழுந்து போய் ஜன்னலோரம் நின்றாள். கீழே கண்ணாடிக் கடையில் பெரிய கண்ணாடி ஒன்றை இரண்டு ஆட்கள் வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். அது உள்ளே போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்து தன் இடது உள்ளங்கையை ஹார்ட் டிஸ்கின் மேல் வைத்தாள். டீச்சரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

டீச்சர் தன் மேஜையிலிருந்த கனமான பவர் சப்ளையை இழுத்து, அதன் வயரை மாகாளியிடம் கொடுத்தார்.

"நீங்களே மாட்டுங்க."

"நானா?"

"ஜெனரேட்டர் பாத்த கைதானே."

மாகாளி மாட்டினான். சுவிட்சைப் போட்டான். பழக்கதோஷத்தில் காதைக் கொண்டுபோகக் குனிந்தவன் பாதியில் நின்றான். பொன்மலரின் முகத்தைப் பார்த்தான்.

அவள் கண்ணை மூடியிருந்தாள். வலது கை விரல்கள் காற்றில் சுழல ஆரம்பித்தன. வேகம் பிடித்தன. சீராயின. மாகாளி தளர்ச்சிக்காகக் காத்திருந்தான். விரல்கள் சுழன்றுகொண்டே இருந்தன. இன்னும் சுழன்றுகொண்டே இருந்தன.

திரையில் பேர் வந்தது. வந்தது அங்கேயே இருந்தது.

யாரும் கொண்டாடவில்லை. அதற்கு நேரமும் இல்லை. எது போனால் திரும்பக் கிடைக்காதோ அதை முதலில் எடுக்கவேண்டும் என்று டீச்சர் எழுதிக் காட்டினார். பொன்மலர் யோசிக்காமல் திரையில் உவரி என்று பேர் வைத்திருந்த ஃபோல்டரைத் தொட்டாள். அதற்கடுத்து இறந்துபோன மற்றவர்கள். அதற்கடுத்து உயிரோடு இருப்பவர்களில் வயதானவர்கள். புது ஹார்ட் டிஸ்க் ஒன்றில் படங்கள் ஒவ்வொன்றாகப் போய் இறங்கிக்கொண்டிருந்தன.

மதியச் சாப்பாட்டுக்கு மாகாளி வீட்டுக்குப் போகவில்லை. கீழே போய் மூன்று பொட்டலம் லெமன் சாதம் வாங்கி வந்தான். பொன்மலர் வலது கையால் மட்டும் சாப்பிட்டாள். இடது கையை ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுக்கவில்லை. ஊறுகாயை அவன்தான் பிரித்து வைத்தான்.

சாப்பிட்டுக் கைகழுவும்போது மாகாளி டீச்சரிடம் தாழ்ந்த குரலில் கேட்டான், தன் காது தன்னை ஏமாற்றிவிட்டதா என்று.

"காது சரியாத்தான் கேட்டுச்சு அண்ணாச்சி. டக்குன்னுதான வந்துச்சு. அதுக்கு முன்னால உள்ளதைத்தான் விட்டுட்டீங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாகாளி குழாயை மூடிவிட்டுப் பின்னாலேயே போனான்.

வெயில் தாழும் முன் பிரதி முழுவதும் ஏறி முடிந்தது. எல்லாம் ஒழுங்காக வந்திருக்கிறதா என்று ஏதாவது ஒன்றைத் திறந்து பார்க்கச் சொன்னார் டீச்சர். பொன்மலர் உவரியைத்தான் திறந்தாள்.

கடற்கரையில் ஒரு பாட்டி. பின்னால் ஒரு மீன்பிடி வள்ளம். பாட்டியின் இரண்டு கைகளும் வேகவேகமாக எதையோ சொல்லின. ஒரு கை நெளிந்து போனது, ஒரு கை முள்ளாக விரிந்தது. மீன்களாக இருக்கவேண்டும்.

சத்தம் வரவில்லை. மாகாளி ஸ்பீக்கரின் திருகைத் திருப்பினான். இன்னும் திருப்பினான். வயரை ஆட்டிப் பார்த்தான். பொன்மலர் அவன் தோளைத் தட்டி, செல்போனை நீட்டினாள்.

மைக் போட்டதே இல்லை. எதற்கு?

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மாகாளிக்கும் சிரிப்பு வந்தது. திருகிலிருந்து கையை எடுத்துவிட்டு நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

பாட்டி மீன்களை நிறுத்திவிட்டுக் கடலைக் காட்டினார். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே, கனமாக இறக்கினார். முகத்தைச் சுளித்தார்.

என்ன சொல்கிறார் என்று மாகாளி எழுதிக் கேட்டான்.

பொன்மலர் எழுதினாள்.

இன்றைக்குக் கடல் ரொம்பச் சத்தம், பேச விடமாட்டேன் என்கிறது என்று சொல்கிறார்.

மாகாளி அதைப் படித்தான். திரையைப் பார்த்தான். மறுபடி படித்தான்.

அவருக்கு எப்படித் தெரியும் என்று எழுதினான்.

பொன்மலர் போனை வாங்கவில்லை. எட்டித் திரையின் அடியில் விரலை வைத்தாள்.

அலை மோதி அதிரும் ஈர மணலில் பாட்டியின் கால்கள் கணுக்கால்வரை புதைந்திருந்தன.