சூரியனும் ஓர் ஈடு இட்லியும்

கோளரங்கத்துக் கேன்டீனில் இட்லி ஊற்றுவது செண்பகவல்லியின் வேலை. ஒருநாள் காலையில் இயக்குநர் தெய்வசகாயம் விருந்தாளிகளோடு வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் ஓர் ஈடு இட்லி அடுப்பில் ஏறியிருந்தது.

“பன்னிரண்டு நிமிஷம் ஆகுங்கய்யா.”

“சூரிய வெளிச்சமே பதினைந்து கோடி கிலோமீட்டர் தாண்டி எட்டு நிமிஷத்தில் வந்துவிடுகிறது. பத்தடி தூரத்து இட்லிக்குப் பன்னிரண்டா? எட்டில் வராவிட்டால் நாளையிலிருந்து நீ வரவேண்டாம்,” என்றார் அவர், விருந்தாளிகள் காதில் விழும்படி.

செண்பகவல்லி அடுப்புப் பக்கம் திரும்பினாள். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

“அந்த எட்டு நிமிஷம் வெளிச்சம் வேகுற நேரமாய்யா, வந்து சேருற நேரமா?”

“வந்து சேருகிற நேரம்.”

“அப்போ வேகுறதுக்கு?”

விருந்தாளிகளும் விவரம் தெரிந்தவர்கள், மழுப்ப முடியாது. சூரியனின் நடுவில் பிறக்கிற வெளிச்சம் முட்டி மோதி மேலே வரவே பல்லாயிரம் வருஷம் ஆகும் என்று தொடங்கியவர், பழக்கதோஷத்தில் ஒரு சொற்பொழிவே ஆற்றிவிட்டார். அவர் முடிக்கும்போது எதிரே ஆவி பறக்கும் தட்டு இருந்தது.

“வெந்துடுச்சுங்கய்யா. அடுப்பிலேருந்து இங்கே வர அரை நிமிஷம்கூட ஆகல. சூரியனைவிட நான் சுருக்காத்தானே வந்திருக்கேன்?”

விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். இயக்குநர் ஓர் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

“அடுத்த ஈடு நிதானமா வேகட்டும்மா,” என்றார்.