ஆயுத பூஜையில் பித்தளையப்பன்

வேங்கைமலைச் சீமையை ஆண்ட குழந்தைவேல் பூபதி நல்ல ராஜாதான். என்ன, யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் அவருக்குச் சரி. அதனால் சபையில் எல்லாரும் கடைசியாகப் பேசவே முண்டியடித்தார்கள்.

அவர் அரண்மனையில் ஓர் இயந்திர மனிதன் இருந்தான். கன்னார் ஒருவர் பித்தளையில் வார்த்து, வயிற்றுக்குள் சக்கரங்களைப் பூட்டி, பேச்சும் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். பேர் பித்தளையப்பன். யானைப் பலம், இரண்டாள் உயரம், ஆனால் கோழிக்குஞ்சைக்கூட நசுங்காமல் தூக்குவான். குடம் சுமக்கும் பெண்களைக் கண்டால் ஓடிப்போய் வாங்கிக்கொள்வான். சபையில் வாய்ச்சாமர்த்தியத்துக்குப் பேர்போன கலியப்பருக்கு முழங்கால் வலி. பித்தளையப்பன் வெயிலில் நின்று உள்ளங்கையைச் சூடாக்கிக்கொண்டு வந்து, தினமும் அவருக்கு ஒத்தடம் கொடுப்பான். கலியப்பருக்கு அவன் மேல் உயிர்.

தளவாய் ரணசிங்கருக்கோ அவனைப் பார்க்கும்போதெல்லாம் பீரங்கி ஞாபகம்தான் வரும். இவ்வளவு பித்தளை சும்மா நடமாடுகிறதே, உருக்கினால் என்ன என்று ராஜாவிடம் கேட்டார். அவன் நல்லவனாயிற்றே என்றார் ராஜா.

"அவன் நல்லவன் இல்லை மகாராஜா, கெட்டது செய்யத் தெரியாதவன். அம்மிக்கும்தான் திருடத் தெரியாது. அதற்காக அம்மியைப் புண்ணியவான் என்கிறோமா?"

ராஜாவுக்கு அது சரியாகப் பட்டது. அவனால் கெட்டதும் செய்ய முடியும், வேண்டாம் என்றுதான் விட்டிருக்கிறான் என்றார் கலியப்பர். அதுவும் சரியாகப் பட்டது. செய்ய முடியும் என்றால் ஆபத்து, அதற்காகவே உருக்கவேண்டும் என்றார் தளவாய். கடைசியாகப் பேசியது அவர். ஆனாலும் ராஜா மூன்று பேச்சையும் கலந்து ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டார். பித்தளையப்பனால் கெட்டது செய்ய முடியும் என்று கலியப்பர் நிரூபிக்கவேண்டும். ஆனால் அவன் கெட்டது எதையும் செய்திருக்கக் கூடாது. ஆயுத பூஜை முடிந்து கூடும் சபையில் நிரூபிக்காவிட்டால் உலைதான்.

கலியப்பருக்குச் சோறு இறங்கவில்லை. மடைப்பள்ளியில் ஒரு வடை திருடிக்கொண்டு வாடா என்று பித்தளையப்பனை அனுப்பிப் பார்த்தார். அவன் போனான், பார்த்தான், திரும்பி வந்தான். எடுத்தால் யாருக்கோ குறையுமே என்றான். திருட மறுத்ததை வைத்து எதை நிரூபிப்பது? கலியப்பர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஆயுத பூஜையும் வந்தது. வேங்கைமலையில் அது ரொம்பக் கண்டிப்பு. வாள், ஏர், ஏணி, கயிறு எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு அம்மன் முன்னால் வரிசையாக இருக்கும். மறுநாள் காலைப் பூஜை முடியும்வரை எதையும் யாரும் தொடக்கூடாது, அசைக்கக்கூடாது. அது ராஜாவின் ஆணை. தளவாய் பித்தளையப்பனையும் இழுத்து வந்து, நெற்றியில் பொட்டு வைத்து, மாலை போட்டு, உலக்கைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். நீயும் ஆயுதம்தான், அசைந்தால் உலை என்று மிரட்டினார்.

அதோடு விட்டாரா? அவன் அசைவதைக் கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று தூணைக் கட்டிக்கொண்டு மேலே பரணில் ஏறிப் படுத்தார். மத்தியானம் ஒரு பிடி பிடித்திருந்த சர்க்கரைப் பொங்கல் கண்ணை இழுத்தது. தூக்கத்தில் புரண்டார். விழுந்தவரின் இடுப்புக் கச்சை விளக்குக் கொக்கியில் மாட்டிக்கொண்டது. அந்தரத்தில் தொங்கியபடி அலறினார்.

கூட்டம் கூடிவிட்டது. ஏணி பூஜையில் இருந்தது. கயிறும் பூஜையில் இருந்தது. தொடக்கூடாது என்று குருக்கள் கையை விரித்துத் தடுத்தார். கச்சை கிழிய ஆரம்பித்தது. அப்போது பித்தளையப்பன் எழுந்தான். மாலையும் பொட்டுமாகப் போய்த் தளவாயை இரண்டு கையாலும் ஏந்தி இறக்கிவிட்டு, மறுபடியும் உலக்கைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் காலைப் பூஜை முடிந்து கூடிய சபையில் தளவாய் நன்றி சொல்லவில்லை, குற்றம் சொன்னார். ராஜாவின் ஆணையை மீறி எழுந்தானாம். கலியப்பர் குரலை உயர்த்தாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தளவாய் அவர்களே, நீங்கள் கூப்பிட்டதும் உடனே வந்தானா?"

இன்னொரு குற்றமும் கிடைத்ததே என்று தளவாய்க்கு உற்சாகம். "எங்கே வந்தான்? என்னை அண்ணாந்து பார்த்தான். உலைக்களத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான். மறுபடியும் என்னைப் பார்த்தான். கச்சை பாதி கிழிந்த பிறகுதான் எழுந்தான்."

அவ்வளவு நேரம் என்ன செய்தாய் என்று ராஜா பித்தளையப்பனைக் கேட்டார்.

"யோசித்துக்கொண்டிருந்தேன் மகாராஜா. என்னை உருக்கச் சொன்னவர் இவர்தானே, விழுந்தால் விழட்டும் என்று முதலில் தோன்றியது. அப்புறம் மனசு கேட்கவில்லை. தாமதத்துக்கு மன்னிக்கவேண்டும்."

கலியப்பருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மகாராஜா கேட்டது கிடைத்துவிட்டது," என்றார் அவர். "கெட்டது இவனுக்கும் தோன்றியது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும், அது நடந்திருக்கும். இவன் வேண்டாம் என்று எழுந்துவிட்டான்."

தளவாய் விடவில்லை. "பூஜையில் வைத்த ஆயுதம் அசையலாமா? அதற்குப் பதில் சொல்லும்."

"அசையவே அசையாது," என்றார் கலியப்பர். "இவன் ஆயுதமாக மட்டும் இருந்திருந்தால், தளவாய் இந்நேரம் உலக்கைக்குப் பக்கத்தில் விழுந்து கிடப்பார்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. தளவாயைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே பித்தளையப்பனுக்குப் பரிவட்டம் கட்டச் சொன்னார்.