பாகனும் யானையும் உண்ட கவளம்

மலைகளுக்கு இன்னும் பேர் வைக்காத காலத்திலே, குறும்பாறை என்று ஒரு நாடு இருந்தது. அதன் ராஜாவுக்கு மூக்கின்மேல் கோபம். பட்டத்து யானையின் பெயர் மலையன். அதன் பாகன் கொற்றன், அவன் மனைவி வெள்ளச்சி. முக்கியமானவர்கள் இவ்வளவுதான், மறந்துவிடாதீர்கள்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். யானைக்குச் சோறு உருட்டினால், ஒவ்வொரு கவளத்திலும் ஒரு வாய் பாகன் முதலில் தின்ன வேண்டும். எதிரிகள் விஷம் வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் என்றோ ஏற்பட்டது. கொற்றன் தின்றதைக் கண்ணால் பார்த்தால்தான் மலையன் தும்பிக்கையை நீட்டும்.

ஒரு போரில் கொற்றனின் தோள் எலும்பு முறிந்தது. துடித்தவனுக்கு வைத்தியர் கடுகளவு அபின் கொடுத்தார். வலி போனது, எலும்பும் கூடியது, அபின் மட்டும் போகவில்லை. முதலில் வலிக்காகத் தின்றான். பிறகு சுகத்துக்காகத் தின்றான். கடைசியில் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே தின்றான்.

வெள்ளச்சி அழுது பார்த்தாள். திட்டிப் பார்த்தாள். அபின் டப்பாவை ஒளித்து வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும், “இதுதான் கடைசி, உன்மேல ஆணை” என்பான் கொற்றன். பாவம், சொல்லும்போது மனதாரத்தான் சொன்னான். பொழுது சாய்வதற்குள் டப்பாவைத் தேட ஆரம்பித்துவிடுவான்.

பிறகு அவள் கண்ணில் படாமல் தின்ன ஒரு வழி கண்டுபிடித்தான். யானைக் கவளத்துக்குள் அபினை வைத்து உருட்டினான். தனக்கு ஒரு வாய், மீதி மலையனுக்கு. இத்தனை பெரிய உடம்பை இத்துணூண்டு அபின் என்ன செய்துவிடும் என்று நினைத்தான். அபின் தின்றவன் யோசனை அப்படித்தான் ஓடும்.

ஒருமுறை அபின் வணிகன் கடையைப் பூட்டிவிட்டு வெளியூர் போனான். கவளம் வெறுஞ்சோறாக வந்தது. கொற்றன் சுருண்டு படுத்தான். மலையன் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடி, வாசனை பிடித்துப் போய், அந்தக் கடையின் கூரையைப் பிய்த்து எறிந்தது. சந்தையில் இருந்தவர்கள் உயிர் தப்பியதே பெரிய காரியம்.

“மதம் பிடித்த யானை. கொன்றுவிடுங்கள்!” என்றார் ராஜா.

கொற்றன் தள்ளாடி வந்து அவர் காலில் விழுந்தான். “சாமி, அதுக்கு மதம் பிடிக்கல. நான்தான் சோத்துல அபின் வெச்சேன். அது வேணும்னு செய்யல. உடம்பு கேக்குது, அது என்ன பண்ணும்? அடிச்சாலும் அடங்காது. கட்டிப்போட்டு, கூடவே ஆள் இருந்து, கொஞ்சங்கொஞ்சமாக் குறைச்சா தெளிஞ்சிடும் சாமி!”

வெள்ளச்சி முன்னால் வந்தாள். புருஷனைச் சபிக்கப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளோ கொற்றனைக் கைகாட்டிச் சொன்னாள்:

“ராஜா, இவ்வளவு தெரிஞ்ச இந்த யானையையும் அது பக்கத்துலயே கட்ட உத்தரவு குடுங்க.”

ராஜாவுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. “ஆகட்டும். திருவிழா வரை தவணை. அன்று இவன் மேலிருக்க, மலையன் அந்தக் கடையைத் தாண்டிப் போக வேண்டும். தாண்டாவிட்டால், யானை உயிரோடு இருக்காது.”

ஒரே கொட்டடியில் இருவரையும் வைத்தார்கள். வைத்தியர் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார். கொற்றனுக்கு வியர்த்தது, வாந்தி வந்தது, எலும்பெல்லாம் வலித்தது. சோற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் அவன் தின்னாவிட்டால் மலையனும் தின்னாதே! வெள்ளச்சி கவளம் உருட்டி நீட்டுவாள். யானை அவன் முகத்தையே பார்க்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் விழுங்குவான். அப்புறம்தான் தும்பிக்கை நீளும்.

நடுவில் ஒரு நாள் தாங்க முடியாமல் கடைக்கு ஓடிவிட்டான். தின்றான். திரும்பி வந்தால், காலையில் உருட்டிய கவளம் அப்படியே காய்ந்து கிடந்தது. மலையன் தொடவேயில்லை. கொற்றன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். வெள்ளச்சிக்கும் நெஞ்சு எரிந்தது. ஆனாலும் ஏசவில்லை.

“வந்துட்டியே, அது போதும். உக்காரு” என்று புதுச்சோறு உருட்டினாள். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தவள் அவள்தான்.

திருவிழாவும் வந்தது. மேளம் முழங்கியது. கொற்றனை ஏற்றிக்கொண்டு மலையன் வீதியில் நடந்தது. அபின் கடை வாசலில் நின்றுவிட்டது. தும்பிக்கையைத் தூக்கி மோந்தது. மேளம் அடங்கியது. யானையைக் கொல்லக் காத்திருந்த வில்லாளிகள் ராஜாவின் முகத்தைப் பார்த்தார்கள். வெள்ளச்சி கூட்டத்தில் மூச்சடக்கி நின்றாள்.

கொற்றனுக்கும் நாக்கு வறண்டது. குனிந்து யானையின் காதோரம் சொன்னான்: “எனக்கும் ஆசையாத்தாண்டா இருக்கு. இன்னைக்கு வேண்டாம். வா, வீட்டுல சோறு இருக்கு.”

மலையன் காதை ஆட்டியது. ஒரு காலை எடுத்து வைத்தது. இன்னொரு காலையும் வைத்தது. கடை பின்னால் போய்விட்டது.

ஊரே ஓவென்று கூவியது. ராஜா வில்லாளிகளைப் போகச் சொன்னார். வெள்ளச்சி நடுத்தெருவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அன்று மதியம் அவள் உருட்டிய முதல் கவளத்தை, கண்ணை மூடாமலே தின்றான் கொற்றன். தும்பிக்கை உடனே நீண்டது.

கதை கேட்டவர்களே, போதையில் விழுந்தவரை நோயுற்றவர் என்று அறிந்து, கைவிடாமல் கூடவே இருந்தால்தான் அவரை மீட்க முடியும்.