விலைக்கு வைத்த ஊர்

"ஒருத்தர்கூட வரல்ல, டீச்சர்."

சொல்லிவிட்டுச் சேர்மக்கனி பெஞ்சில் உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது. ஐஸ் கம்பெனியில் ராத்திரி வேலை. பகலில் தூக்கம் பிடிக்காது.

ரோஸ்லின் டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவர் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குள் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். சேர்மக்கனியைவிட வயதில் சின்னவர். ஆனால் இணையத்தில் ஊர்ப் பெயர்களை முகவரியாகப் பதிந்து வைத்து, வேண்டியவன் வரும்போது விற்கிற வித்தையை அந்தப் பக்கத்தில் முதலில் கற்றவர் அவர்தான். அதனால் அந்தத் தொழிலில் இறங்கிய எல்லாருக்கும் டீச்சர்.

"என்ன ஊரு வச்சிருக்கீங்க, அண்ணாச்சி?"

"தேன்மடை. மலைமேல. தேயிலை எஸ்டேட், அருவி எல்லாம் உண்டாம். என்னைக்காவது ஒரு ஹோட்டல்காரன் கேட்டு வருவான்னு பிடிச்சுப் போட்டேன்."

"போயிருக்கீங்களா?"

"எங்க போக? பஸ் போர்டுல பாத்ததோட சரி."

"முகவரியைத் திறந்தா என்ன தெரியும்?"

"இந்தப் பெயர் விற்பனைக்குன்னு எழுதி, கீழ என் போன் நம்பர். வருஷா வருஷம் புதுப்பிக்கதுதான் மிச்சம். இந்தப் பேரை வளத்து எடுக்க ஒரு வழி சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் எழுந்தார். "கடையப் பாத்துக்கிடுங்க. சாப்பிட்டுட்டு வாரேன்."

போய்விட்டார்.

ஒரு பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார். "கோவில்பட்டி வண்டி போயிட்டாப்பா?"

"தெரியாது."

கைக்குழந்தையோடு ஒரு பெண். "தண்ணி எங்கண்ணே பிடிக்கலாம்?"

"தெரியாதும்மா."

"ஆதார் ஒரு காப்பி போடுங்க" என்று ஒருவன் அட்டையை நீட்டினான்.

"எனக்கு மெஷின் ஓட்டத் தெரியாது."

"அப்ப எதுக்குய்யா உக்காந்திருக்க? கடைக்குத் திருஷ்டி படாம இருக்கவா?"

டீச்சர் திரும்பி வந்தார். "யாரும் வந்தாங்களா?"

"நெறையப் பேரு வந்தாங்க."

"திரும்பி வருவாங்களா?"

சேர்மக்கனிக்கு எரிச்சலாக இருந்தது. வழி கேட்டு வந்தவனைக் கடைக்குக் காவல் வைத்தால்? சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினான்.

*

ஐப்பசியில் ஒருநாள் காலையில் ஓடி வந்தான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான்.

"வந்துட்டாங்க டீச்சர்!"

"யாரு?"

"ஜனங்க! வேலை முடிஞ்சு வந்து இப்பத்தான் கண்ணை மூடுதேன், போன் மேல போன். தேன்மடையா, தேன்மடையான்னு கேக்குதாங்க. முகவரியில ஒரே கூட்டம்."

"விலை பேசுனாங்களா?"

"அதான் புரியல்ல. விலையைச் சொன்னா வச்சிருதாங்க. திருப்பூர்ல இருந்து ஒருத்தி, பேரு ஜெயக்கொடியாம். எங்கம்மா மருதாயி, மூணாவது லயத்து வீடுன்னு ஒரே அழுகை. இப்படி அழுது விலையைக் குறைக்க ஆளு உண்டு டீச்சர், எனக்குத் தெரியாதா? வாங்குறதா இருந்தா பேசும்மா, மத்த கதையெல்லாம் வேண்டாம்னுட்டேன். விடாம அடிச்சுக்கிட்டே இருந்தா. பிளாக் பண்ணிட்டேன்."

டீச்சர் எழுந்து வந்தார். அவன் உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலியின் முதுகைப் பிடித்துத் திருப்பினார்.

எதிர்க்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை. பச்சை மலையில் மேலிருந்து கீழ்வரை சிவப்பாக ஒரு கிழிசல். எஸ்டேட் தொழிலாளர்களின் லயங்கள் வரிசையாக இருந்த இடத்தில் சேறு. சேற்றில் ஒரு கட்டில் நட்டுக்கொண்டு நின்றது.

கீழே அவனுடைய ஊரின் பெயர் ஓடியது.

கையில் போன் அடித்தது.

"எடுங்க" என்றார் டீச்சர்.

"என்ன சொல்ல?"

"கேக்கதுக்குப் பதில் சொல்லுங்க."

"எனக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே."

டீச்சர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது.

*

சேர்மக்கனி லீவு போட்டு மலைக்குப் போனான். பஸ் பாதி வழியோடு நின்றுவிட்டது. மிச்சத்தை நடந்தான்.

பள்ளிக்கூடத்தில் முகாம். யார் அங்கே இருக்கிறார்கள், யார் ஆஸ்பத்திரியில், யாரை இன்னும் காணவில்லை என்று கேட்டுக் கேட்டு முகவரியில் ஏற்றினான். விற்பனைக்கு என்ற வரியை எப்போது எடுத்தான் என்று அவனுக்கே நினைவில்லை.

ஜெயக்கொடி நம்பரின் பிளாக்கை எடுத்துவிட்டுக் கூப்பிட்டான். திட்டுவாள் என்று காத்திருந்தான்.

"அன்னைக்குப் பேசிக்கிட்டு இருக்கும்போதே லைன் போயிருச்சுண்ணே. எத்தனையோ தடவை அடிச்சேன். மழையில டவர் போயிருச்சு போல."

சேர்மக்கனி போனை மறு காதுக்கு மாற்றினான்.

"ஆமாம்மா" என்றான். "மழை."

சிலர் உயிரோடு கிடைத்தார்கள். சிலர் மண்ணுக்குள் கிடைத்தார்கள். மருதாயி மட்டும் எப்படியும் கிடைக்கவில்லை.

பிழைத்தவர்களுக்கு அரசாங்கம் கீழே சமவெளியில் வீடு கொடுத்தது. மலையில் இனி யாரும் குடியேறக் கூடாது என்று உத்தரவு வந்தது. தேன்மடைக்கு பஸ் நின்றது. பஸ்ஸிலிருந்து போர்டை எடுத்தார்கள்.

முகவரிக்கும் ஆள் வரத்து குறைந்துகொண்டே போனது. கடைசியில் தினம் ஒரு ஆள், திருப்பூரிலிருந்து.

*

"பேரை வாங்க வந்துட்டாங்க, டீச்சர்."

நல்ல கோடை. சாயங்காலமாகியும் பஸ் ஸ்டாண்டில் தார் உருகிக்கொண்டிருந்தது. சேர்மக்கனி பெஞ்சில் உட்கார்ந்தான். இந்தத் தடவை ஓடி வரவில்லை.

"யாரு?"

"பெரிய ரிசார்ட்டுக்காரங்க. அடுத்த மலையில கட்டுதாங்க. பேரு நல்லா இருக்காம். ஊருதான் இல்லையே, பேரை நாங்க வச்சுக்கிடுதோம்னு கேக்குதாங்க."

"நல்ல விலையா?"

"ஐஸ் கம்பெனிக்குப் பெரிய கும்பிடு போட்டுரலாம். ராத்திரியில மனுஷன் மாதிரி தூங்கலாம், டீச்சர். நான் ராத்திரி தூங்கி எவ்வளவு காலமாச்சு."

"பிறகென்ன? குடுத்துருங்க."

சேர்மக்கனி கால் பெருவிரலால் தரையைக் கீறினான்.

"அந்தப் பிள்ளை தினம் வந்து பாக்குது."

"ஊர வித்தாச்சு, இனி வராதேன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. இதுல என்ன இருக்கு?" டீச்சர் ஜெராக்ஸ் மெஷினைத் திறந்து துடைக்க ஆரம்பித்தார். "இப்பவே சொல்லிருங்க. நானும் இருக்கேன்."

அவன் நம்பரைப் போட்டான். மணி ஒரு தடவை அடித்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டாள். பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல்.

"அண்ணே... அம்மாவா?"

"இல்லம்மா."

இரைச்சல் குறைந்தது. வெளியே வந்திருப்பாள்.

"ஒரு விஷயம் சொல்லணும்னு கூப்பிட்டேன்" என்றான்.

"சொல்லுங்கண்ணே."

அவன் டீச்சரைப் பார்த்தான். அவர் தலை நிமிரவில்லை. துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜெயக்கொடியே கேட்டாள். "அங்க மலையில மழையாண்ணே? இங்க வெயில் கொளுத்துது. எங்கம்மாவுக்கு ஈரம் சேராது. மூச்சு இழுக்கும்."

வெயிலில் கண் கூசிக்கொண்டு சேர்மக்கனி உட்கார்ந்திருந்தான். ஐஸ் கம்பெனியில் தினம் வேலை முடிந்ததும் முதல் காரியமாக அந்த மலையின் வானிலையைத் தேடிப் பார்ப்பதையும், பார்த்ததை முகவரியில் போட்டுவைப்பதையும் அவன் யாரிடமும் சொன்னதில்லை.

"விடியக்காலம் லேசாத் தூறுச்சும்மா" என்றான். "இப்ப வெறிச்சிருக்கு. நல்ல வெயில்தான்."

"சரிண்ணே." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ஏதோ சொல்லணும்னீங்களே?"

"ஒண்ணுமில்லம்மா. இதத்தான் சொல்லக் கூப்பிட்டேன்."

போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினான்.

"எங்க கிளம்பிட்டீங்க, அண்ணாச்சி?"

"ஐஸ் கம்பெனிக்கு நேரமாச்சு, டீச்சர்."