உண்ணிக்குக் கொடுத்த காது

ஆடும் நாயும் ஆளோடு பேசித் திரிந்த அந்தக் காலத்தில், உண்ணி என்றால் மலையடிவாரத்து மான்களுக்கு மட்டும்தான் தெரியும். ஊர்ப்பக்கம் அதன் பெயரைக்கூட யாரும் கேட்டதில்லை.

மழை பொய்த்த ஒரு வருடம், ஊர் ஊராகப் போய் வயல்களில் ஆட்டுக்கிடை போடும் இருளாயி, புல்லைத் தேடி அந்த அடிவாரத்துக்கு ஆடுகளை ஓட்டிப் போனாள். கூடவே அவளுடைய நாய் செவலை. உச்சிவெயிலில் அவள் தண்ணீர் பார்க்கப் போனபோது, குட்டிகளை அடைத்திருந்த கொடாப்புக்குச் செவலைதான் காவல். பத்து நாள் நடந்த அலுப்பில் அது கண்ணயர்ந்துவிட்டது. ஓநாய் ஒன்று வந்து கொடாப்பை முட்டித் தள்ளுகிற நேரம், புல்நுனியில் இருந்த ஓர் உண்ணி செவலையின் காதில் ஏறி நறுக்கென்று கடித்தது. துள்ளி எழுந்த செவலை, ஓநாயைக் காட்டுக்குள் விரட்டிவிட்டுத்தான் திரும்பியது. ஒரு குட்டிக்கும் சேதமில்லை.

செவலைக்கு மனசு நெகிழ்ந்துபோயிற்று. என்ன வேண்டுமோ கேள் என்றது. புல்நுனியிலேயே கிடந்து சாகிற பிழைப்பு தன்னுடையது, நாலு ஊரைப் பார்க்க ஆசை என்றது உண்ணி.

"அவ்வளவுதானே? என் காது இனிமே ஒன் வீடு. ஒன்னையும் ஒன் புள்ளைகளையும் ஒருநாளும் போகச் சொல்லமாட்டேன்."

பிள்ளைகள் எத்தனை என்று கேட்டிருக்கலாம். நன்றி பொங்குகிற நேரத்தில் அதெல்லாம் எங்கே தோன்றும்?

கிடை போட்ட ஊரிலெல்லாம் உண்ணி இறங்கி முட்டையிட்டது. பொரித்தவை செவலை மேலும் அந்தந்த ஊர் நாய்கள் மேலும் ஏறிக்கொண்டன. செவலை எலும்பும் தோலுமாகி, எழுந்து நடக்க முடியாமல் விழுந்துவிட்டது. உண்ணிகளைப் பிடுங்க இருளாயி கை வைத்தபோது, பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவளைப் பார்த்து உறுமியது. அவள் முகம் வாடியதும் தாங்கமாட்டாமல் எல்லாவற்றையும் சொல்லி அழுதது.

இருளாயி அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "அது கடிக்கலேன்னா எனக்கு ஒரு குட்டி மிஞ்சியிருக்காதுடா. மகராசியா இருக்கட்டும். ஆனா வாக்குக் குடுத்தது நீதானே? நான் குடுக்கலையே."

சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். காதுமடிப்புக்குள் இருந்த அந்த முதல் உண்ணியை மட்டும் கும்பிட்டு விட்டுவிட்டாள். செவலை பிழைத்தது.

அன்று முதல்தான் நாய் போகிற ஊருக்கெல்லாம் உண்ணியும் போகிறது. எவ்வளவு பொறுக்கினாலும் காதுக்குள் ஒன்று தங்கிவிடுகிறது. பொறுக்க ஒரு கை வந்துவிட்டாலோ, எப்பேர்ப்பட்ட கடிநாயும் கண்ணை மூடித் தலையை அந்த மடியில் கொடுத்துவிடுகிறது.