அண்ணாச்சியின் ஐந்தாவது சீட்டு

“அந்த அஞ்சாவது சீட்டு என் குடியைக் கெடுத்துட்டும்மா,” என்றார் தவசிமுத்து அண்ணாச்சி.

ரெஜினா அடுப்பிலிருந்து வர்க்கித் தட்டை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“உக்காருங்க அண்ணாச்சி. தட்டு சூடா இருக்கு, கையை வைக்காதீங்க.”

கையை வைத்தார். சுட்டது. அண்ணாச்சி அப்படித்தான்.

கோத்தகிரி மார்க்கெட்டில் மளிகைக்கடை வைத்துத் தலை நரைத்த மனுஷன். சீட்டாட்டத்தில் மட்டும் இந்த பேக்கரிக்காரிக்குச் சிஷ்யன். வயதில் அவள் சின்னவள்தான், அதனாலென்ன? ஒரு காலத்தில் கோவாவில் கேசினோ கப்பலில் சீட்டுப் போட்டுக் கொடுத்தவள். தன் கையால் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. அடுத்தவர் ஆடுவதைப் பார்த்தே பாதி ஆயுசு போனவள்.

ஒமாகா என்கிற ஆட்டத்தை அண்ணாச்சிக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். ஆளுக்கு நாலு சீட்டு கையில். எல்லாருக்கும் பொதுவாக அஞ்சு சீட்டு நடுவில் ஒவ்வொன்றாகத் திறக்கும். கையிலிருந்து ரெண்டே ரெண்டு, நடுவிலிருந்து மூணு. சேர்த்து அஞ்சு. யாருடைய அஞ்சு உசத்தியோ அவருக்கு நடுவில் குவிந்ததெல்லாம்.

குவிவது பணமில்லை. புளியங்கொட்டை. ஞாயிறு மதியம் ஆளுக்கு ஒரு உழக்கு.

“நாலு சீட்டு ஆடுறப்ப நான்லா ராஜா!” என்றார் அண்ணாச்சி. “இந்தக் காதர் பாய் பெங்களூர் போனாரு, அஞ்சு சீட்டு ஒமாகான்னு ஒண்ணைக் கொண்டாந்தாரு. எல்லாரும் அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. எனக்குன்னா சந்தோசம். ஒரு சீட்டு கூடக் கிடைக்குதே!”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, அம்போதான். மூணு எட்டு, ரெண்டு நாலு வச்சிருந்தேன். எதிராளிகிட்ட மூணு பத்து, ரெண்டு நாலு. வரிசை கட்டினேன். அதைவிடப் பெரிய வரிசை டாக்டரம்மாகிட்ட. இப்படியே ரெண்டு ஞாயிறு, கொட்டை காலி. கோவம் வந்து எந்திரிச்சு வந்துட்டேன்.”

ரெஜினாவுக்கு இதில் உள்ள வில்லங்கம் தெரியும். மேஜையில் அஞ்சு நாற்காலிதான். காத்திருப்பவர்களோ நிறைய. மூணு ஞாயிறு தொடர்ந்து கொட்டை தீர்ந்தவர் நாற்காலியைக் காலி செய்யணும், ஒரு வருஷத்துக்கு அந்தப் பக்கமே வரக்கூடாது.

இந்தச் சட்டத்தைப் போட்டது யார்? அண்ணாச்சியேதான். ராஜாவாக இருந்தபோது போட்டது.

“வீட்டுல யாருமில்லம்மா,” என்றார். குரல் இறங்கிவிட்டது. “சம்சாரம் மகளுக்குப் பிரசவம்னு துபாய் போச்சு. வாரம் பூரா பருப்பு, சீனின்னு பேசிக்கிட்டுக் கெடக்கேன். அந்த ஒரு மதியம்தான் நாலு பேரோட சிரிக்கிறேன். அதுவும் போயிட்டா நான் எங்க போவேன்?”

ரெஜினா இப்போதுதான் திரும்பினாள்.

“நாலு அஞ்சாச்சு. மேஜையில எத்தனை சீட்டு கூடுச்சு அண்ணாச்சி?”

“இது என்ன கேள்வி? ஒண்ணு.”

“யாருக்கு?”

“எனக்கு.”

ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“புதன்கிழமை கடை லீவு. வாங்க.”

“இப்பவே சொல்லக்கூடாதா?”

“சொன்னா உங்களுக்கு ஏறுமா?”

ஏறாது. அது அவருக்கே தெரியும். ரெண்டு வர்க்கியை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

புதன்கிழமை வந்தால், பேக்கரியில் ஒரு மேஜை. சுற்றி அஞ்சு நாற்காலி. ஆள் யாருமில்லை.

“மத்தவங்க எங்க?”

“நீங்க வந்திருக்கீங்கள்ல, போதும். கலைங்க.”

அண்ணாச்சி மப்ளரைக் கழற்றி முதல் நாற்காலியின் முதுகில் போட்டார். கட்டை எடுத்துக் கலைத்தார். குருவானாலும் கேசினோக்காரி, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தரமும் கலைத்தார்.

ரெஜினா போட்டாள். அடேயப்பா, என்ன கை! ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் அஞ்சஞ்சு சீட்டு வழுக்கிக்கொண்டு போய் நின்றது. நடுவில் மூணைத் திறந்து வைத்தாள். இஸ்பேட் பத்து. இஸ்பேட் ஒன்பது. ஆர்ட்டின் நாலு.

“பாருங்க உங்க சீட்டை.”

அண்ணாச்சி பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“கையில ரெண்டு பத்து, நடுவுல ஒரு பத்து. மூணு பத்தாச்சா? கூடவே இஸ்பேட் ராஜாவும் இஸ்பேட் அஞ்சும் இருக்கு. இன்னொரு இஸ்பேட் விழுந்தா அஞ்சும் இஸ்பேட்! யம்மா, இது ஞாயித்துக்கிழமை வரக்கூடாதா?”

“விடுவீங்களா?”

“விடுறதா? என் தலையே போனாலும் விடமாட்டேன்.”

“சரி, கவுத்து வச்சுட்டு எந்திரிங்க. அடுத்த நாற்காலில உக்காருங்க.”

“எதுக்கு?”

“உக்காருங்க அண்ணாச்சி.”

உட்கார்ந்தார். அங்கே இருந்த சீட்டை எடுத்தார்.

“ராணி, ஜாக்கி, எட்டு! நடுவுல பத்தும் ஒன்பதும் கெடக்கு. மேல விழுந்தாலும் கீழ விழுந்தாலும் வரிசை கட்டிரும்லா.”

“விடுவீங்களா?”

“பைத்தியமா எனக்கு?”

“அடுத்தது.”

மூணாவது நாற்காலியில் ஒரு ஒன்பதும் ஒரு நாலும். நடுவில் இருப்பதோடு சேர்த்தால் ரெண்டு ஜோடி. உதட்டைப் பிதுக்கினார்.

“சுமார்தான். ஆனாலும் இன்னொரு சீட்டு திறக்குற வரைக்கும் இருந்து பாப்பேன்.”

நாலாவதில் ஒன்றுமேயில்லை. ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத அஞ்சு சீட்டு. எடுத்த வேகத்தில் வைத்துவிட்டார்.

“இதை விட்டுருவேன்.”

“அப்பாடா, ஒருத்தராவது நல்லவர்,” என்றாள் ரெஜினா.

அஞ்சாவது நாற்காலியில் உட்கார்ந்தவர் சீட்டைப் பிரித்ததும் துள்ளினார்.

“இஸ்பேட் ஆஸ்! துணைக்கு இஸ்பேட் ஆறு! யம்மா, இன்னும் ஒரே ஒரு இஸ்பேட் விழட்டும், இதுக்கு மேல எவன்கிட்டயும் இருக்காது.”

“விடுவீங்களா?”

“விடவா? இன்னும் நடுவுல கொட்டுவேன். பாரும்மா, அந்த முதல் நாற்காலில ஒருத்தன் இருக்கான். மூணு பத்து, இஸ்பேட் ராஜான்னு இறுமாப்புல இருக்கான். இஸ்பேட் விழுந்ததும் மூச்சு முட்ட ஏத்திக்கிட்டு வருவான். வரட்டும், வரட்டும். அந்த மடையன் கொட்டை அம்புட்டும் எனக்குத்தான்!”

கையைத் தேய்த்துக்கொண்டார்.

“யாரு அண்ணாச்சி அந்த ஆளு?”

கை நின்றுவிட்டது.

முதல் நாற்காலியின் முதுகில் அவருடைய மப்ளர் தொங்கிக்கொண்டிருந்தது.

ரெஜினா சீட்டையெல்லாம் வாரி மறுபடி அவரிடமே தந்தாள்.

“கலைங்க.”

அன்று அந்தி வரைக்கும் கலைத்தார், உட்கார்ந்தார், எழுந்தார், மாறி உட்கார்ந்தார். போகப் போக விடுகிற கைதான் அதிகமாயிற்று. கிளம்பும்போது நாலாவது நாற்காலியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். ரெஜினா பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

ஞாயிறு வந்தது.

மார்க்கெட் மாடியில் ஆட்டம். காதர் பாய், டாக்டரம்மா, கேஸ் ஏஜென்சி மோகனா, தேயிலைத் தோட்டத்துக்காரர் போஜன், அப்புறம் நம்ம அண்ணாச்சி. சுவரோரமாக ரெண்டு பேர் காத்திருந்தார்கள். எந்த நாற்காலி காலியாகும் என்று ஊருக்கே தெரியும். அதில் ஒருத்தர் அண்ணாச்சியின் நாற்காலிக்கு மெத்தை வேறு கொண்டுவந்திருந்தார்.

அண்ணாச்சி சீட்டை வாங்கினார், பார்த்தார், கவிழ்த்தார். வாங்கினார், பார்த்தார், கவிழ்த்தார்.

“என்ன அண்ணாச்சி, விரதமா?” என்றார் காதர் பாய்.

“ஆமா பாய். உங்களுக்கும் சேர்த்து இருக்கேன்.”

நடுவில் ஒரு தரம் ஆசைப்பட்டு ரெண்டு ஆஸை மட்டும் நம்பி உள்ளே போனார். டாக்டரம்மா கொட்டையைக் கொத்தாக வாரிக்கொண்டார். ஒரு தரம் யாராலும் மிஞ்ச முடியாத வரிசை அமைந்தது. காதர் பாயிடம் இருந்து கொஞ்சம் வந்தது. வந்ததும் போனதும் போக, உழக்கில் பாதி மிஞ்சியிருந்தது. பழைய அண்ணாச்சியாக இருந்தால் இதற்குள் படியிறங்கியிருப்பார்.

வெளியே பனி இறங்க ஆரம்பித்தது. “இதுதான் கடைசி,” என்று மோகனா சீட்டுப் போட்டாள்.

அண்ணாச்சி பார்த்தார். டைமன் ராஜா, டைமன் ஒன்பது. இந்தத் தரம் கவிழ்க்கவில்லை.

நடுவில் ஒவ்வொன்றாகத் திறந்தது. ஒரு டைமன். இன்னொரு டைமன். மற்ற மூவரும் விலகிக்கொண்டார்கள். அவரும் போஜனும் மட்டும் பாக்கி. கடைசிச் சீட்டு திறந்தது. மூணாவது டைமன்! அண்ணாச்சியின் அஞ்சும் டைமன், தலையில் ராஜா.

போஜன் தன்னிடமிருந்த கொட்டை முழுவதையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினார்.

அண்ணாச்சி தன் குவியலைப் பார்த்தார். ஏறக்குறைய அதே அளவு. ஈடு கட்டித் தோற்றால் ஒரு கொட்டை மிஞ்சாது. நாற்காலி போச்சு. சுவரோரத்து ஆசாமி மெத்தையைத் தட்டிச் சரிசெய்துகொண்டார்.

அண்ணாச்சி சீட்டைப் பார்க்கவில்லை. போஜனைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அந்த மனுஷன் கையிலும் அஞ்சு இருக்கிறது. அங்கே போய் மனசால் உட்கார்ந்து பார்த்தார். டைமன் ஆஸ் கையில் இருந்தால் தானும் இப்படித்தான் தள்ளுவார்.

பிறகு, ராஜாவும் ஒன்பதும் உள்ளே இருக்க, அஞ்சையும் கவிழ்த்து வைத்தார்.

“எடுத்துக்குங்க போஜன்.”

ஆட்டம் கலைந்தது. மெத்தைக்காரர் மெத்தையைச் சுருட்டிக்கொண்டார். எல்லாரும் கீழே டீக்கடைக்கு இறங்கினார்கள். போஜன் மட்டும் நகரவில்லை. தன் சீட்டை ஒவ்வொன்றாக அண்ணாச்சி முன்னால் திருப்பி வைத்தார்.

டைமன் ஆஸ் இருந்தது. ஆனால் ஒற்றை. இன்னொரு டைமன் இல்லை. கையிலிருந்து ரெண்டு போட்டாகணும் என்கிற ஆட்டத்தில் ஒற்றை ஆஸை வைத்து நாக்கா வழிப்பது? சும்மா மிரட்டியிருக்கிறார்.

ஜெயித்திருக்க வேண்டியது அண்ணாச்சியின் ராஜாதான்.

“ஏன் காட்டுறீங்க?”

“மனசு கேக்கலை அண்ணாச்சி,” என்றார் போஜன். “பயத்துலதான் தள்ளினேன். எனக்கும் இது மூணாவது ஞாயிறு. போன ரெண்டு வாரமும் நீங்க கோவிச்சுக்கிட்டுப் போன கொஞ்ச நேரத்துல எனக்கும் தீர்ந்துபோச்சு. நீங்க இருந்திருந்தா பாத்திருப்பீங்க. வீட்டுல எனக்கும் பேச ஆளில்லை.”

அண்ணாச்சி அந்த ஆஸைக் கையில் எடுத்தார். கட்டுக்குள் சொருகினார். கட்டு முழுவதையும் நன்றாகக் கலைத்துவிட்டு போஜன் தோளில் கை போட்டார்.

“வாரும்வே, டீ ஆறுது.”

மறுநாள் காலை பேக்கரியில் நல்ல கூட்டம். கூட்டத்துக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்த அண்ணாச்சியை ரெஜினா பார்த்துவிட்டாள்.

“என்ன அண்ணாச்சி, நாற்காலி தப்பிச்சுதா?”

“ரெண்டு தப்பிச்சுதும்மா.”