சீம்பாலுக்கு வந்த விருந்தாளிகள்

மாடும் பாம்பும் வண்டும் மனிதரும் ஒரே பேச்சில் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கன்றுகள் பிறந்தவுடன் எழுந்து நிற்பதில்லை. நாய்க்குட்டிபோல நான்கு நாள் வைக்கோலில் சுருண்டு கிடக்கும். வாயில் யாராவது எதையாவது வைத்தால் குடிக்கும். அந்த நான்கு நாளும் தாய்ப்பசு விருந்தாளிகளைக் கவனித்துக்கொண்டிருக்கும்.

ஈன்ற பசுவின் முதல் பாலுக்குச் சீம்பால் என்று பெயர். மஞ்சளாக, கெட்டியாக இருக்கும். மூன்று நாளில் அது முடிந்துவிடும். பிறகு வருவது வெள்ளைப் பால். நல்லதை வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வீட்டுப் பிள்ளைக்கு வைப்பதுதான் மரியாதை என்று அன்றைக்கு எல்லா உயிர்களும் ஒப்புக்கொண்டிருந்தன. ஆகவே சீம்பால் ஊருக்கு, வெள்ளைப் பால் கன்றுக்கு.

இந்த மரியாதையில் பெயர் எடுத்தவள் மயிலை என்ற பசு. ஆவுடையாள் என்கிற மாட்டுக்காரியின் தொழுவத்தில் இருந்தாள். மயிலை ஈன்றால் முதல் சொம்பு ஊர்ப் பெரிய வீட்டுக்குப் போகும். அடுத்தது புற்றிலிருந்து வரும் நல்ல பாம்புக்கு, அதற்கடுத்தது பூனைக்கு. கன்றுக்கு அந்த மூன்று நாளும் கஞ்சித் தண்ணீரில் நனைத்த துணி.

மயிலையின் முதல் இரண்டு கன்றுகளும் தங்கவில்லை. மூன்றாம் நாள் வயிறு சுட்டது. நான்காம் நாள் கழிச்சல், அதில் சளியும் ரத்தமும். ஐந்தாம் நாள் ஆவுடையாள் குழி தோண்டினாள். மற்றத் தொழுவங்களிலும் இரண்டுக்கு ஒன்று அப்படித்தான் போனது. கண்ணேறு என்றார்கள் சிலர். புல் சரியில்லை என்றார்கள் சிலர். விருந்தாளிகள் துக்கம் விசாரித்துவிட்டு, அடுத்த ஈற்றுக்கும் தவறாமல் வந்தார்கள்.

மூன்றாவது ஈற்று மாசி மாதத்து விடியற்காலையில். கிடாரிக் கன்று. மயிலை அதை நக்கித் துடைத்து முடிப்பதற்குள் சாணி வண்டு வந்து சேர்ந்தது. அது விருந்துக்கு வரவில்லை, வேலைக்கு வந்தது.

"அக்கா, ஒரு சமாச்சாரம். நீ கோவிச்சுக்கக் கூடாது."

"பிள்ளை பெத்த வீட்ல காலங்காத்தால என்னடா சமாச்சாரம்?"

"உன் மூத்த பிள்ளைக ரெண்டோட சாணியையும் நான்தான் உருட்டப் போனேன். உருளவே இல்லை."

மயிலை நக்குவதை நிறுத்தினாள்.

"எல்லாரும் பிள்ளையோட மூஞ்சியைப் பாத்துட்டுப் போயிடுறாங்க. என் பொழப்பு மறுபக்கம். அங்க நான் பாத்ததை வேற யாரும் பாக்கலை. ரெண்டுக்கும் குடல் வெந்து கிடந்துச்சு, அக்கா. பிறந்த பிள்ளையோட குடல் பூசாத மண்சுவர் மாதிரி. அதைப் பூசுற சாந்துதான் உன் சீம்பால். பூசாம விட்டா, உள்ள போறதெல்லாம் சுவத்துல ஏறித் தீ வைக்குது."

"அப்ப நாளைக்கு ரெண்டு வாய் கொடுத்துருவோம்."

"நாளைக்கு ஆகாது. சுவர் ஈரமா இருக்கறப்பவே பூசணும். இன்னைக்குப் பொழுது சாஞ்சா அது காஞ்சு இறுகிரும். அப்புறம் எவ்வளவு ஊத்தினாலும் பிடிக்காது."

"வந்தவங்ககிட்ட என்னடா சொல்றது?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? என் வீட்டுக்கு யாரும் விருந்துக்கு வர்றதில்லை."

மயிலைக்கு இருப்புக்கொள்ளவில்லை. முளையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். கயிறு சுற்றிக்கொண்டு குட்டையானது. எதிர்ப்பக்கம் நடந்து அதைப் பிரித்தாள். கன்றை முகர்ந்தாள், தெருவைப் பார்த்தாள், வெயில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தாள். ஒருவர் முகத்துக்கு நேரே அவள் இல்லை என்று சொன்னதே கிடையாது. தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்த்தாள். அப்போதும் வரவில்லை.

முதலில் பாம்பு வந்தது, பின்னாலேயே பூனை. ஆவுடையாள் பெரிய வீட்டுச் சொம்போடு வந்து குந்தி, மடியில் கைவைத்தாள்.

அப்போதுதான் மயிலை அதைச் செய்தாள். வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சை அடக்கி, மடியில் இறங்கியிருந்த பாலை அப்படியே மேலே எக்கிக்கொண்டாள். அதற்கு முன் எந்தப் பசுவும் அப்படிச் செய்ததில்லை. ஆவுடையாள் காம்பைப் பிடித்து இழுத்தாள். சொம்பின் அடி நனையவில்லை.

"என்ன தாயி, மடி கல்லு மாதிரி இருக்கு. ஒரு சொட்டு இறங்கலையே?"

"என்னன்னு தெரியலையே, ஆத்தா," என்றாள் மயிலை. அது அவள் சொன்ன முதல் பொய்.

விருந்தாளிகள் எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்திருந்தாள். அவர்கள் போகவில்லை.

"பரவாயில்ல. எனக்கு வேற சோலி கிடையாது," என்று பாம்பு நிழலில் சுருண்டது.

"எனக்கும்தான்," என்றது பூனை. "போன தடவை குடிச்சது இன்னும் நாக்குலயே நிக்குது. மத்தியானத்துக்குள்ள இறங்காதா என்ன?"

மத்தியானம் வந்தது. மயிலை கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். ஆவுடையாள் நான்கு முறை வந்து மடியைத் தடவினாள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். சொம்பு என்னவாயிற்று என்று பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்து கேட்டுப் போனது. கன்றின் வாயில் வைக்கக் கஞ்சித் துணி வந்தபோது மயிலை அதைக் கொம்பால் தள்ளிவிட்டாள். வெயில் தொழுவத்தின் கிழக்குச் சுவரில் ஏறத் தொடங்கியது.

வண்டு அவள் குளம்படியில் வந்து நின்றது. "அக்கா, பொழுது போகுது."

"யார் இருந்தா இருக்கட்டும், இறக்கிரலாம்னுதான்டா பாக்குறேன். முடியலை. எக்குனது எக்குனபடி நிக்குது."

"பூட்டத் தெரிஞ்ச உனக்குத் திறக்கத் தெரியாதா?"

"இன்னைக்குத்தானடா முதல் தடவையாப் பூட்டியிருக்கேன்."

பிள்ளையே வந்து வாய் வைத்தால் திறக்குமோ என்று மயிலைக்குத் தோன்றியது. குனிந்து கன்றின் காதருகே மூக்கை வைத்தாள்.

"எந்திரி."

"எதால எந்திரிக்கிறது?" என்றது கன்று.

"கால் நாலு இருக்கு. முதல்ல எது கிடைக்குதோ அதை ஊனு."

கன்று பின்னங்காலை ஊன்றியது. மூக்கு குப்புற மண்ணில் இடித்தது. மறுபடி ஊன்றியது, பக்கவாட்டில் சரிந்தது. பூனைக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"பிறந்த பிள்ளைக்கு அதுக்குள்ள என்ன அவசரம்? பெரியவங்க காலையில இருந்து காத்திருக்கோம்ல."

"இன்னைக்கு உங்களுக்கு இல்லை," என்றாள் மயிலை.

கன்று மறுபடி ஊன்றி, எழுந்து நின்றுவிட்டது. நான்கு காலும் நான்கு திசைக்குப் போகப் பார்த்தன. அவற்றை இழுத்துக்கொண்டு தாயின் விலாவைத் தடவிப் போய்க் காம்பைக் கவ்வியது. உறிஞ்சியது. ஒன்றும் வரவில்லை. அடுத்த காம்பிலும் வரவில்லை. வெயில் சுவரின் உச்சியைத் தொட்டிருந்தது. கன்று ஓர் அடி பின்வாங்கி மடியைத் தலையால் முட்டியது. மயிலைக்கு உயிர் போய் வந்தது. உதைக்கவில்லை, காலை அகட்டிக் கொடுத்தாள். எத்தனை முட்டு என்று யாரும் எண்ணவில்லை. ஏதோ ஒன்றில் உள்ளே அடைத்திருந்தது விட்டது. பால் மடிக்கு இறங்கி, கன்றின் கடைவாயில் மஞ்சள் நுரையாக வழிந்தது.

பாம்பு தலையைத் தூக்கியது. "அப்ப காலையிலேயே இருந்திருக்கு."

"இருந்துச்சு," என்றாள் மயிலை.

பாம்பு விறுவிறுவென்று புற்றுக்குப் போய்விட்டது. பூனை போகவில்லை. அதற்கு ரோஷம் கொஞ்சம் குறைவு.

ஆவுடையாள் சொம்போடு நின்றாள். "என்னையும் சேத்து ஏமாத்திட்டியே, தாயி." பிறகு கன்றின் வால் துடிப்பதைச் சற்று நேரம் பார்த்தாள். சொம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "குடிக்கட்டும். ரெண்டு குழி தோண்டுனவ நான். பெரிய வீட்டுக்கு நானே பதில் சொல்லிக்கிறேன்."

கன்று போதும் என்று தலையைத் திருப்பிக்கொண்ட பிறகு கறந்ததில் அரைச் சொம்பு தேறியது. அதைத்தான் ஊருக்குப் பங்கு வைத்தார்கள். பெரிய வீட்டில் இரண்டு மாதம் ஆவுடையாளோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் ஆவுடையாள் கன்றின் வயிற்றில் கைவைத்துப் பார்த்தாள். சுடவில்லை. நான்காம் நாள் சாணி வண்டு மஞ்சள் உருண்டை ஒன்றைத் தள்ளிக்கொண்டு தொழுவத்தைவிட்டு வெளியே போனது. ஐந்தாம் நாள் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு தெருவில் ஓடியது. ஆவுடையாள் திட்டிக்கொண்டே பின்னால் ஓடினாள்.

மயிலையின் பதற்றம் மட்டும் தணியவில்லை. புது ஆள் கை மடியில் பட்டால் பால் தானாக மேலே ஏறிவிடும். அவள் வயிற்றில் வந்த பசுக்களுக்கும் அதே பழக்கம்தான். பிறந்த கன்று ஒரு நாழிகைகூடப் பொறுக்காமல் தள்ளாடி எழுவதும், பால் தர நிற்கும் தாயின் மடியைக்கூட முட்டி முட்டிக் குடிப்பதும், அது குடித்து முடிக்கும்வரை கறப்பவர் சொம்போடு ஒதுங்கி நிற்பதும் அந்தப் பகலிலிருந்துதான்.